டாக்டர் "ஒன்றுமில்லை" என்றுவிட்டார், மனது ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது

தங்கச்சிமடம்_அம்மா (இரவு 7.50)
எல்லோருக்கும் வணக்கம். இங்கே படித்துவிட்டுப் போகிறவள்தான், இதுவரை எழுதியதில்லை.

மகனுக்கு ஏழு வயது. மூன்று வயதிலேயே பாயை நனைப்பது நின்றுவிட்டது. இப்போது கொஞ்ச நாளாகத் திரும்ப நனைக்கிறான். ராத்திரி எழுந்து போய் குடத்தில் சொம்பை விட்டு மொண்டு மொண்டு குடிக்கிறான். பள்ளிக்கூட டவுசர் இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தி அனுப்புகிறேன். இத்தனைக்கும் சாப்பாடு குறையவில்லை, முன்பைவிட அதிகம்தான் சாப்பிடுகிறான்.

டாக்டரிடம் காட்டினேன். "வெயில் காலம், தண்ணீர் குடிக்கிறான், நல்லதுதானே. ஓடுகிற பிள்ளை இளைக்கத்தான் செய்வான்" என்று பூச்சி மாத்திரையும் சத்து டானிக்கும் எழுதினார். திரும்பக் கேட்டதற்கு, "போனில் எதையாவது பார்த்துவிட்டு வந்து கேட்காதீர்கள்" என்று சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட நானும் ஏதாவது பேசியிருப்பேன். சிரித்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது.

மாமியார் கண்ணேறு கழித்துப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கிறார், நாளைக் காலையில்தான் கரைக்கு வருவார். குழந்தைகளுக்கென்று நாங்கள் பார்ப்பது அந்த ஒரு டாக்டரைத்தான். நாளைக்கு இருமல் என்றாலும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அவரைத் தாண்டி ராமநாதபுரம் போனால் தப்பாக எடுத்துக்கொள்வாரா? இல்லை, டானிக் முடியும்வரை பொறுத்துப் பார்க்கலாமா?

பனைக்குளத்தான் (இரவு 8.02)
பொறுத்துப் பாருங்கள் சகோதரி. இந்த வெயிலுக்கு நானும்தான் குடம் குடமாகக் குடிக்கிறேன். பயம் வந்துவிட்டால் பார்ப்பதெல்லாம் நோயாகத்தான் தெரியும். என் மச்சான் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் "என் மனசு சொல்லுது" என்று மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் அது இது என்று எல்லாம் எடுத்து, கடைசியில் சாதா வைரஸ் காய்ச்சல். கைக்காசு போனதுதான் மிச்சம். டாக்டருக்குப் படித்தவர் அவரா, நாமா?

கீழக்கரை_லாத்தா (இரவு 8.05)
பொறுக்காதீர்கள்! டானிக்கைக் கொடுக்கவே வேண்டாம். என் மகளுக்கு இதே மாதிரிதான் ஆரம்பித்தது. தாகம், சிறுநீர், இளைப்பு, பாய் நனைவது. நாலும் சேர்ந்து வந்தால் முதலில் சுகர் பாருங்கள். குழந்தைக்கும் சர்க்கரை வரும், டைப் 1 என்பார்கள். வீட்டில் யாருக்கும் இல்லாவிட்டாலும் வரும். ராமநாதபுரம் போவதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தில் சுகர் பார்க்கும் மிஷின் வைத்திருக்கிற பெரியவர் யாராவது இருப்பார்களே?

உச்சிப்புளி_சிஸ்டர் (இரவு 8.11)
லாத்தா சொல்வதை அப்படியே செய்யுங்கள் தங்கச்சி. நான் ஸ்டாஃப் நர்ஸ். காலைவரை வைக்க வேண்டாம், இப்போதே. பையன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு விரலில் குத்துங்கள். பழமோ மிட்டாயோ ஒட்டியிருந்தால் அளவு பொய்யாகக் காட்டும். ஊசி புதிதாக இருக்கட்டும், மற்றவர் குத்தியது வேண்டாம்.

இன்னொன்று. வாந்தி இருக்கிறதா? வயிற்றுவலி என்கிறானா? ஓடாமலே மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறதா? வாயில் அழுகிய பழம் மாதிரி வாசம் வருகிறதா? இதில் எது இருந்தாலும் எழுதுங்கள்.

சாயல்குடி_வாத்தியார் (இரவு 8.15)
அவன் சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் அப்பத்தா காலத்திலிருந்து சொல்வது.

தங்கச்சிமடம்_அம்மா (இரவு 8.40)
எறும்பு மொய்க்கிறது. கொல்லையில் பார்த்திருக்கிறேன், இதோடு சேர்த்து யோசிக்கவே இல்லை.
வாந்தி சாயங்காலம் ஒருமுறை எடுத்தான். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். இப்போது சுருண்டு படுத்திருக்கிறான். எதிர்வீட்டுத் தாத்தா மிஷினில் பார்த்தோம். எண் வரவில்லை, ஹெச், ஐ என்று இரண்டு எழுத்துதான் வருகிறது. மிஷின் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது. தாத்தா மகன் பேட்டரி மாற்றிப் பார்க்கிறேன் என்கிறார்.

உச்சிப்புளி_சிஸ்டர் (இரவு 8.41)
மிஷின் கெடவில்லை தங்கச்சி. அது "ஹை". மிஷினால் எண்ணாகக் காட்ட முடியாத அளவுக்கு மேலே போய்விட்டது என்று அர்த்தம். பெரும்பாலான மிஷின்களில் 600க்கு மேல் போனால் இப்படிக் காட்டும். பேட்டரி மாற்றிக்கொண்டு உட்கார வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். "ஏழு வயதுப் பையன், சுகர் ஹை, வாந்தி எடுத்தான்" என்று சொல்லுங்கள். ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தாத்தாவின் இன்சுலினை யாரும் போட்டுவிடாதீர்கள், அவருடைய மாத்திரையும் கூடாது. குளுக்கோஸ் தண்ணீர், இளநீர், ஜூஸ் வேண்டாம். கேட்டால் வெறும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். டானிக் சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் எழுதுங்கள், எழுத முடியாவிட்டால் பரவாயில்லை.

தங்கச்சிமடம்_அம்மா (இரவு 8.44)
கூப்பிட்டாச்சு. வருகிறது.

பனைக்குளத்தான் (இரவு 8.58)
நான் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம் சகோதரி. பிள்ளை நல்லபடியாக வரட்டும்.
ஆனால் மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. இந்தப் பிள்ளைக்குத் தாகம், இளைப்பு, பாய் நனைவது என்று கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் இருந்தது. இதை "தாய் மனசு" என்று பேர் வைத்துப் பெரிதாக்கினால், நாளைக்கு ஒவ்வொரு தும்மலுக்கும் டாக்டர் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். டாக்டர் சொல்வது பத்துக்கு ஒன்பது தடவை சரியாகத்தானே இருக்கிறது?

தொண்டிக்காரன்_மதுரையில் (இரவு 9.30)
அண்ணே, அந்தப் பத்துக்கு ஒன்பதில்தான் சிக்கலே இருக்கிறது. நான் மதுரையில் குழந்தைகள் பிரிவில் மேல்படிப்பு படிக்கிறேன். ஓ.பி.யில் ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. வருகிற காய்ச்சலில் பெரும்பாலானது தானாகச் சரியாகிவிடும். "ஒன்றுமில்லை" என்று சொல்லிச் சொல்லி, சொன்னது சரியாகவும் போய்ப் போய், நாக்கு அதற்கே பழகிவிடுகிறது. தப்பாகப் போன பிள்ளையை வேறு ஆஸ்பத்திரியில் வேறு டாக்டர் பார்க்கிறார். முதலில் பார்த்தவருக்குத் தான் விட்டது தெரியவே வராது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "சாப்பிட மாட்டேங்கிறான், இளைச்சுப் போயிட்டான்" என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள், கன்னம் உப்பியிருக்கிற பிள்ளையின் அம்மாவும் சேர்த்துத்தான். கேட்டுக் கேட்டு அது எங்கள் காதில் ஏறுவதில்லை. "நாலு வருஷமாகப் பாயை நனைக்காதவன் இப்போது தினமும் நனைக்கிறான்" என்று முதல் வாக்கியமாக வந்தால், எழுதுகிற பேனா நின்றுவிடும். முன்பு எப்படி இருந்தான், இப்போது எப்படி இருக்கிறான் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் கண்ணில் அவன் அன்றைக்குத்தான் படுகிறான்.

கீழக்கரை_லாத்தா (இரவு 9.42)
தம்பி, அந்தத் தங்கச்சி பாய் நனைப்பதைச் சொல்லாமலா இருந்திருப்பார்? எப்படிச் சொன்னால் காதில் ஏறும் என்பதையும் நாங்களே படித்துக்கொண்டு வர வேண்டுமா? நான் என் மகளைக் காட்டியபோது சிறுநீரில் கிருமி என்று மருந்து கொடுத்தார்கள். குடிக்கிற தண்ணீரைப் பற்றி நான்தான் சொன்னேன், அவர்கள் கேட்கவில்லை. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதைச் செய்யாததற்கு "ஓ.பி. கூட்டம்" என்பது காரணம் ஆகாது.

தொண்டிக்காரன்_மதுரையில் (இரவு 9.50)
நியாயம்தான் லாத்தா. கேட்டிருக்க வேண்டும், குத்திப் பார்த்திருக்க வேண்டும். அறிகுறியோடு 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே சர்க்கரை என்று முடிவு செய்யலாம், அதற்கு வெறும் வயிறுகூடத் தேவையில்லை. ஆனால் நாளைக் காலை ஓ.பி. மாறிவிடப் போவதில்லை, அதனால்தான் சொல்கிறேன். எதிரில் இருக்கிறவர் அரைக் காதில் கேட்கிறார் என்று தெரிந்தே பேச வேண்டியிருக்கிறது.

எண்ணாகக் கொண்டுவந்தால் யாராலும் தள்ள முடியாது. மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தால், பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த அளவைத் தொட்டாலே அது வேக மூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், கிளம்புங்கள்.

விட்டு விட்டு வருகிறது என்றால் வீடியோ எடுங்கள். கைக்குழந்தை பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுது, நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி கிடக்கும். டாக்டர் பார்க்கும் நேரம் அந்த நடு நேரமாக இருந்தால் "கேஸ் பிடித்திருக்கிறது" என்று அனுப்பிவிடுவார். குடலுக்குள் குடல் நுழைந்துகொள்வது அது. ஸ்கேனில் தெரியும். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரிசெய்யலாம். மலத்தில் ரத்தமும் சளியும் வரும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும்.

சாயல்குடி_வாத்தியார் (இரவு 10.10)
டாக்டர் பார்க்காத இடத்தையும் வீட்டில்தான் பார்க்க முடியும். தங்கை மகளுக்கு ஒரு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, "வைரஸ், இறங்கும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிடும்போது அக்குளில் ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலி இல்லை, அரிப்பு இல்லை, அதனால் பிள்ளை சொல்லவே இல்லை. அதைக் காட்டியதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்கரப் டைபஸ். புதரில் இருக்கிற பொடி உண்ணி கடிப்பதால் வருவது. நம் மாவட்டத்தில் சீமைக் கருவேலம் இல்லாத இடம் எது? டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்ததும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது.

அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. சட்டையைத் தூக்கி நெஞ்சில் குழாய் வைப்பார், அக்குளையும் தொடை இடுக்கையும் யார் பார்க்கிறார்கள்? காது மடலுக்குப் பின்னால்கூட இருக்கும் என்றார்.

உச்சிப்புளி_சிஸ்டர் (இரவு 10.25)
டெங்கு பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் குடத்திலும் தொட்டியிலும் தண்ணீர் பிடித்து வைத்துத்தான் ஆக வேண்டும், கொசு வராமல் எங்கே போகும்? காய்ச்சல் விட்டதும் வீடே நிம்மதியாகிவிடும். டெங்குவில் ஆபத்து அப்போதுதான் தொடங்கும். காய்ச்சல் இறங்கியும் பிள்ளை தெளியவில்லை, கை கால் சில்லென்று இருக்கிறது, வயிறு வலிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் "காய்ச்சல்தான் விட்டாச்சே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வார்டில் எத்தனையோ அம்மாக்கள் "காய்ச்சல் இல்லை சிஸ்டர், ஆனா இவன் இவனா இல்லை" என்று வந்து நின்றிருக்கிறார்கள். அந்தப் பேச்சு வந்தால் நான் முதலில் நாடி பார்ப்பேன்.

பனைக்குளம் அண்ணனுக்கும் ஒன்று. நீங்கள் சொன்ன பயமும் நிஜம். "ஊசி போடுங்க, டிரிப் ஏத்துங்க" என்று சண்டை பிடித்து, தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கை வாங்கிக்கொண்டு போகிற பெற்றோரும் தினமும் வருகிறார்கள். அவர்கள் மனசும் ஏதோ சொல்லத்தான் செய்கிறது! அவர்கள் கேட்பது மருந்தை. இந்தத் தங்கச்சி கேட்டது "ஏன் இப்படி ஆனான்" என்று. எனக்கு இந்த வித்தியாசம் வாசலிலேயே தெரிந்துவிடும்.

தேவிபட்டினம்_டு_லெஸ்டர் (இரவு 11.20)
இங்கிலாந்தில் இதற்கென்றே இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. 13 வயது மார்த்தா மில்ஸ் சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு, லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ரத்தத்தில் கிருமி பரவி 2021இல் இறந்துபோனாள். மோசமாகிறாள் என்று அவள் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. முன்பே தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணையில் சொன்னார்கள். பெற்றோர் விடாமல் போராடி, 2024இலிருந்து "மார்த்தா விதி" வந்தது. வார்டு டாக்டர் கேட்கவில்லை என்று தோன்றினால், அந்த டாக்டருக்குக் கீழே இல்லாத வேறொரு குழுவை வீட்டார் நேராகக் கூப்பிட்டு "வந்து பாருங்கள்" என்று கேட்கலாம். 24 மணி நேரமும் கூப்பிடலாம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் இதற்கு முன்பே "ரயன் விதி" இருக்கிறது. அதுவும் மூன்று வயதுகூட நிறையாத ஒரு பையனை இழந்த பிறகு வந்ததுதான்.

பனைக்குளத்தான் (இரவு 11.31)
நம் ஊரில் அந்த இரண்டாவது குழு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால்தான் கிடைக்கும்.

தொண்டிக்காரன்_மதுரையில் (இரவு 11.40)
சிரிப்பு வந்தாலும் அதுதான் உண்மை அண்ணே. ஆனால் இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்பது இங்கேயும் நோயாளியின் உரிமைதான். உள்நோயாளியாக இருந்தால் கேஸ் ஷீட் நகல் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியே இருக்கிறது. ஓ.பி.யில் எழுந்து வருவதற்கு முன்னால் "எது நடந்தால் நான் உடனே திரும்பி வர வேண்டும்?" என்று கேட்டு, அதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத உட்காரும்போது நாங்களும் இன்னொரு தடவை யோசிப்போம். என்னை யாராவது அப்படிக் கேட்டால் முதலில் எரிச்சல் வரும், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் எழுதுவேன்.

தங்கச்சிமடம்_அம்மா (மறுநாள், மதியம் 1.15)
எல்லோருக்கும் கோடி நன்றி. பாலம் தாண்டும்போதே மூச்சு அப்படி வாங்க ஆரம்பித்துவிட்டது. சிஸ்டர் சொன்ன வாசமும் வந்தது. போனதும் எடுத்த சுகர் 640. ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, டைப் 1 சர்க்கரை என்றார்கள். இன்சுலின் டிரிப்பில் போகிறது, மணிக்கு ஒருமுறை குத்திப் பார்க்கிறார்கள். இப்போது கண்ணைத் திறந்து இட்லி கேட்கிறான். வீட்டுக்காரர் கரையிறங்கி மீன் நாற்றத்தோடு அப்படியே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

கீழக்கரை_லாத்தா (மதியம் 1.20)
அல்ஹம்துலில்லாஹ். இட்லி கேட்டால் பிள்ளை தேறிவிட்டான் என்று அர்த்தம்.

முதுகுளத்தூர்_மண் (மதியம் 2.05)
சின்ன வயதிலேயே இன்சுலினுக்கு அடிமையாக்கிவிடாதீர்கள். ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி ஒரு மண்டலம் கொடுங்கள். ஊசியை நிறுத்திய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

உச்சிப்புளி_சிஸ்டர் (மாலை 4.30)
இதை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை வேறு, இது வேறு. இந்தப் பிள்ளையின் கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. 1922இல் இன்சுலின் ஊசி மனிதர்களுக்குப் போடத் தொடங்கும்வரை, இந்த நோய் வந்த குழந்தைகள் சில மாதம், மிஞ்சினால் ஓரிரண்டு வருடம்தான் இருந்தார்கள்.

"நிறுத்திய பிள்ளைகள்" எங்கிருந்து வருகிறார்கள் என்றும் சொல்கிறேன். ஊசி ஆரம்பித்துச் சில வாரத்தில் மிச்சமிருக்கிற செல்கள் கொஞ்சம் தலைதூக்கும். ஊசி அளவு வெகுவாகக் குறையும். தேனிலவுக் காலம் என்பார்கள். அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு பொடியைக் கையில் கொடுப்பார்கள், பொடிதான் குணமாக்கியது என்று வீடே நம்பும். தங்கச்சி, அப்போது உங்கள் மனசும் "பிள்ளைக்குச் சரியாகிவிட்டது" என்றுதான் சொல்லும். அந்த ஒரு இடத்தில் மனசைக் கேட்காதீர்கள், மிஷினைக் கேளுங்கள். டாக்டர் சொல்லாமல் ஒரு ஊசிகூட விடக் கூடாது.

தங்கச்சிமடம்_அம்மா (சில நாள் கழித்து)
வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்சுலின் கொடுத்து அனுப்பினார்கள், ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார்கள். எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. தாத்தா வீட்டில் வைக்கலாம், ஆனால் காற்று அடித்தால் இங்கே கரண்ட் எத்தனை மணி நேரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். என்ன செய்வது?

கீழக்கரை_லாத்தா
திறக்காத பாட்டில் தாத்தா வீட்டு பிரிட்ஜில் கதவுப் பக்கம் இருக்கட்டும். உறைகிற பெட்டிக்குள் வைக்காதீர்கள், உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்தது நாலு வாரத்துக்கு வரும். இரண்டு மண்பானை வாங்கி, பெரியதில் ஈர மணல் போட்டு அதற்குள் சிறியதை வைத்து, பாட்டிலைத் தண்ணீர் படாத டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். மகளுக்கு நான் அப்படித்தான் வைத்தேன். தொலைபேசி எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன், எந்த நேரமும் கூப்பிடுங்கள்.

சாயல்குடி_வாத்தியார்
பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். அடிக்கடி வெளியே போகக் கேட்கிற பிள்ளையை எங்கள் ஆட்கள் அதட்டி உட்கார வைப்பார்கள். சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், எரிந்து விழுவான், உடனே குளுக்கோஸ் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். அவன் பையில் ஒன்று, டீச்சர் மேசையில் ஒன்று.

பனைக்குளத்தான்
அந்த டாக்டர் மேல் புகார் கொடுக்கப் போகிறீர்களா? கொடுத்தால் தப்பில்லை என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

தங்கச்சிமடம்_அம்மா
வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்கிறார். எனக்கு இரண்டு மனதாக இருக்கிறது அண்ணே. சின்னவளுக்குத் தடுப்பூசி அவரிடம்தான் போட வேண்டும். திங்கட்கிழமை டிஸ்சார்ஜ் சீட்டோடு போய் அவர் மேசையில் வைக்கப் போகிறேன். என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுப் புகாரை முடிவு செய்கிறேன்.

உச்சிப்புளி_சிஸ்டர்
போங்கள். அவர் பார்க்க வேண்டிய சீட்டுதான் அது. ஆனால் ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.